சுவரட்டையில் தங்கச்சியின் சிரிப்பு

காயில்காரரைத் தெரியாதவர் யாராவது அந்தப் பக்கத்தில் இருந்தால், அவர் தண்ணீரே குடிக்காதவராகத்தான் இருக்க வேண்டும். மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எந்த வீட்டில் எரிந்தாலும் கடைசியில் அவர் கடை வாசலுக்குத்தான் வந்து சேரும். எரிந்த காயிலை வெட்டியெடுத்து, புதுச் செப்புக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து அவர் திருப்பிக் கொடுத்தால், வாங்கிப் போனவர் அப்படி ஒரு மோட்டார் வீட்டில் இருப்பதையே மறந்துவிடலாம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். இன்றைக்கு மூன்று கடை. மூன்றுக்கும் சாவி அவர் இடுப்பில். சும்மா வருமா இதெல்லாம்?

கடையில் கிரீஸ் படிந்த பனியனோடு உட்கார்ந்திருப்பார். ஆனால் வெளியே ஓர் எட்டு வைக்க வேண்டுமென்றால் வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாமல். பக்கத்துக் கடைக்குச் சில்லறை மாற்றப் போனாலும் அதேதான். அவர் பேசினால் தெருமுனை வரை கேட்கும். அந்தக் குரல்கூடத் தானாக வந்ததல்ல. இளவயதில் ஏலம் விடுகிற இடத்துக்குப் போய் நின்று, கூவுகிறவர் எந்தச் சொல்லில் கையை வீசுகிறார், எங்கே மூச்சு விடுகிறார், எப்போது புருவத்தைத் தூக்குகிறார் என்று பார்த்துப் பார்த்து, ஓடுகிற மோட்டார் இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகிக் கற்றுக்கொண்டது. “கடை மட்டுமில்ல, குரலும் நானே கட்டினதுதான்” என்பார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதை அவரைப்போல நம்பியவர் வேறு யாருமில்லை.

வேலையாட்களை அவர் திட்டுவதற்கு ஒரே ஒரு வசவுதான் உண்டு. “லைனைப் பாக்காம காயிலை அறுத்தவனே!” கரண்ட் வருகிற லைனில் கோளாறு இருக்கும். அதைப் பார்க்காமல் நல்ல காயிலை அறுத்தெறிந்து புதுசு கட்டுவான் ஒருவன். அதுவும் எரியும். வைண்டிங் தொழிலில் இதைவிடப் பெரிய பாவம் கிடையாது.

அவருக்கு ஒரு பட்டமும் உண்டு. அறுபதைத் தாண்டி வாங்கியது. பல்கலைக்கழகத்து மோட்டார் எரிந்ததென்று கூப்பிட்டார்கள். போன இடத்தில், மேலே ரீங்கரித்த டியூப்லைட் சோக்கைப் பற்றி அங்கிருந்த ஆய்வாளர் அம்மாவிடம் சுவரைப் பார்த்தபடியே அரைமணி நேரம் பேசினார். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே சில கேள்விகள் கேட்டாள். அதற்குப் பிறகு ஒரு மருத்துவர், சில பரிசோதனைகள், கடைசியில் ஒரு தாள். ஆட்டிசம் என்று எழுதியிருந்தது.

“அஞ்சாம் கிளாஸ் படிச்சவனுக்குப் பல்கலைக்கழகத்துல குடுத்த பட்டம்யா இது! படிச்சவன் எத்தனை பேருக்குக் கிடைச்சிருக்கு?” என்று டீக்கடையில் நின்று முழங்கினார்.

அந்த ஆய்வாளரை அவர் ‘ஊசி போடாத டாக்டர்’ என்பார், நேரில் டாக்டரம்மா. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வலி வந்தால் ஆஸ்பத்திரியில் அதைக் கண்டுபிடிப்பதே இல்லை என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அவள் கேட்ட விதம் அவருக்குப் பிடித்துப்போனது.

“ஐயா, உங்களை வச்சு ஆராய்ச்சி பண்ண நான் வரலை. உங்களோட சேர்ந்து பண்ணணும். என்ன கேக்கணும், என்ன எழுதணும், எல்லாத்துலயும் உங்களுக்கும் எனக்கும் ஒரே பங்கு.”

“பார்ட்னர்னு சொல்லுங்க!”

“பார்ட்னர்தான்.”

ஆராய்ச்சிக் கூட்டம் நடப்பது பல்கலைக்கழகத்தின் மாடி அறை ஒன்றில். மேசையைச் சுற்றி நாலு பேர்: டாக்டரம்மா, காயில்காரர், ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி, ஆட்டிசம் உள்ள ஒரு சின்னப் பெண். டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் உட்காருவார்கள். தண்ணீர் கேன் வைத்த குளிர்பெட்டி உறுமும் என்பதால் அதன் பிளக்கைப் பிடுங்கி வைப்பார்கள். மின்விசிறி கடகடத்ததைக் காயில்காரர் முதல் நாளே நாற்காலி போட்டு ஏறிச் சரிசெய்துவிட்டார், அதைப் பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருமுறை ஞாபகப்படுத்தினார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒரு வரி வேலையில் சேர வேண்டுமென்றால் மேசையில் இருக்கிற ஒருவருக்கும் மறுப்பு இருக்கக்கூடாது. ஒருவர் மறுத்தால் வரி நின்றுவிடும். ஏன் மறுத்தேன் என்று அவர் அன்றைக்கே சொல்லலாம், அடுத்த கூட்டத்திலும் சொல்லலாம். அதுவரை பக்கத்திலிருப்பவர் யாரும் அவருக்காகப் பேசக்கூடாது. எவ்வளவு நேரமானாலும் காத்திருக்க வேண்டும்.

அவர்கள் செய்துகொண்டிருந்தது ஒரு சுவரட்டை. ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவின் சுவரில், சிரிக்கிற முகத்தில் தொடங்கி அழுகிற முகம்வரை வரிசையாக வட்ட முகங்கள் வரைந்த அட்டை ஒன்று மாட்டியிருக்கும். எவ்வளவு வலி என்று விரல் வைத்துக் காட்டச் சொல்வார்கள். அதைக் கழற்றிவிட்டு வேறொன்று மாட்ட வேண்டும். முகங்களையே இன்னும் தெளிவாக வரையலாமே என்று டாக்டரம்மா சொன்னபோது, காயில்காரர் மேசையைத் தட்டி “மறுப்பு!” என்றார். அவ்வளவுதான், அவள் திட்டம் போயிற்று. அன்று மாலை டீக்கடையில் அவரைப் பிடிக்க முடியவில்லை. “டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தையில நிறுத்தினேன். சமம்னா சமம்யா!”

அவருக்கு அந்த அட்டையில் வேண்டியது ஒரே ஒரு வரி. ‘சிரித்தால் வலி இல்லை என்று எண்ணாதீர்கள்.’ அது அவருடைய தங்கச்சி.

தங்கச்சிக்குப் பேச்சு வராது. வலித்தால் சிரிப்பாள். சின்ன வயதில் சூடான சால்டரிங் கம்பி கையில் பட்டபோது வீடே அதிரச் சிரித்தாள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அண்ணன்காரர்தான் அவளுக்கு எல்லாம். அவள் சிரிப்பில் எது சந்தோஷம், எது வலி என்று அவருக்கு ஒருவருக்குத்தான் தெரியும். ஒருநாள் சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். மறுநாள் ஆஸ்பத்திரி வரை சிரித்துக்கொண்டே போனாள். சுவரிலிருந்த முகங்களில் ஒன்றைத் தொடச் சொன்னார்கள். முதல் முகத்தைத் தொட்டாள். சிரிக்கிற முகம். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குடல்வால் வெடித்திருந்தது என்று பிறகு தெரிந்தது. அதற்கு அடுத்த நாள் மத்தியானம் அந்த வீட்டில் சிரிப்பில்லை.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். சிரித்த பிள்ளைக்கு யார் என்ன கொடுத்தார்கள்?

இந்தக் கதையைக் கேட்டபின் மேசையில் யார் மறுப்பார்கள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். மனைவியிடம், “வரி ஏறிடுச்சுன்னு வச்சுக்கோ” என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார்.

மறுத்தவள் அந்தச் சின்னப் பெண். வயது இருபத்தைந்துக்குள் இருக்கும். வாயால் பேசமாட்டாள். கையடக்கக் கருவியில் தட்டுவாள், அது ஒரு பெண்குரலில் படிக்கும். அவர் அவளுக்கு ‘டைப்பிஸ்டம்மா’ என்று பெயர் வைத்திருந்தார். பதிலுக்கு அவள் வைத்த பெயர் ‘பெருசு.’ இருவருக்கும் அதுவரை நல்ல சிநேகம்.

அவள் விரல் நகர்ந்தது. கருவி சொன்னது: “எனக்கு மறுப்பு.”

காயில்காரருக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது. “எதுக்கு?”

தட்டினாள். எல்லோரும் காத்திருந்தார்கள்.

“நான் சும்மா சிரிப்பேன். ஃபேன் சுத்தினா சிரிப்பேன். பஸ்ல சிரிப்பேன். ஒரு தடவை ஆஸ்பத்திரியில சிரிச்சேன். வலின்னு நினைச்சு நாலு பேர் கட்டில்ல அமுக்கிப் பிடிச்சாங்க. ஊசி போட்டாங்க. இந்த வரியை மாட்டினா, சிரிக்கிற எல்லாரையும் அமுக்குவாங்க.”

“என் தங்கச்சி செத்துப்போனாம்மா!”

“தெரியும்.”

“நீ உயிரோட இருக்கே!”

“ஆமா. அதான் பேசறேன்.”

அதற்குமேல் அவருக்குப் பொறுக்கவில்லை. ஏலக்குரல் கிளம்பிவிட்டது. கையை வீசினார், மேசையைக் குத்தினார். அந்தப் பெண் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே குனிந்தாள். மேசைக்கு மறுகோடியில் இருந்த அவசரப்பிரிவு நர்ஸ் எழுந்து கதவைத் திறந்து வைத்தாள், போக வேண்டியவர்கள் போகட்டும் என்று.

காயில்காரர் திரும்பினார். “நீங்க சொல்லுங்க டாக்டரம்மா. நீங்க படிச்சவங்க. நீங்க சொன்னா அந்தப் பொண்ணு கேக்கும்.”

டாக்டரம்மா முகம் வாடித்தான் இருந்தது. “என் பங்கும் ஒண்ணுதான் ஐயா. நீங்க மறுத்தப்போ என் வரி நின்னுச்சு இல்லையா? இப்ப உங்க வரி நிக்குது. அடுத்த வாரம் பேசுவோம்.”

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி எறிந்தார்.

“இனிமே அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கமாட்டேன்.”

“சரி” என்றாள் மனைவி. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“நான் இல்லாம அந்த அட்டை எப்படி வருதுன்னு பாக்கறேன்.”

“பாருங்க.”

“என்ன, எது சொன்னாலும் சரி, பாருங்கன்னு?”

“கல்யாணமான நாள்லேருந்து அதைத்தானே சொல்றேன். இன்னைக்குத்தான் காதுல விழுந்துச்சாக்கும்.” வெங்காயத் தோலை முறத்தில் ஒதுக்கினாள். “உங்களைப் பாத்து முடியாதுன்னு சொல்ற ஒரு பொண்ணும் இருக்கா பாருங்க. எனக்கு அந்தத் தைரியம் வந்ததே இல்ல.”

அவர் எறிந்த சட்டையை எடுத்துக் கொடியில் போட்டார். மனைவி அடுத்த வெங்காயத்தை எடுத்தபடி கேட்டாள்.

“உங்க தங்கச்சி சிரிப்பு எப்படிங்க இருக்கும்? நான் வர்றதுக்கு முந்தியே போயிட்டா. நீங்களும் சொன்னதில்ல.”

தேய்ந்த பேரிங் எப்படிக் கத்தும், தண்ணீர் இல்லாமல் ஓடுகிற பம்பு எப்படி இருமும் என்று வாயாலேயே செய்து காட்டுகிறவர் அவர். வாடிக்கையாளர் போன் செய்தால் இந்தச் சத்தமா, அந்தச் சத்தமா என்று வாயால் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். வாயைத் திறந்தார். தங்கச்சியின் சிரிப்பு வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி முயன்றார். முதலில் சின்னதாக விக்கல் மாதிரி வரும், பிறகு மேலே ஏறும். அவ்வளவு ஞாபகம் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை. அது எப்போது தன்னை விட்டுப் போனது என்றே தெரியவில்லை. அந்த ஒரு வரியும் இல்லையென்றால் அவள் இருந்தாள் என்பதற்கு உலகத்தில் எதுவுமில்லை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“விடுங்க” என்றாள் மனைவி. “வெங்காயம் கண்ணைக் கரிக்குது, அந்தப் பக்கம் போங்க.”

அடுத்த வாரம் போகமாட்டேன் என்றவர், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் போய் உட்கார்ந்திருந்தார். குளிர்பெட்டியின் பிளக்கை அவரே பிடுங்கினார். டைப்பிஸ்டம்மா வந்தாள். எதிரில் உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். கேள்விகளை வீட்டிலேயே தட்டி வைத்திருந்தாள் போல, விரலை ஒருமுறை வைத்ததும் கருவி பேசியது.

“பெருசு. அன்னைக்குத் தங்கச்சி கூட ஆஸ்பத்திரிக்கு யார் போனது?”

“நான்தான். வேற யாரு இருக்கா?”

“அவங்க சிரிப்புல எது வலின்னு உங்களுக்குத் தெரியும். டாக்டர்கிட்ட சொன்னீங்களா?”

“சொல்லாம இருப்பேனா? சொன்னேன்! ‘இவ சிரிச்சா வலிக்குதுன்னு அர்த்தம்’னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்!”

“ஏன் நம்பலை?”

இந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் தயாராக இருந்தது. அந்தப் பதிலின் மேல்தான் மூன்று கடையும் நின்றன. “ஏன்னா? கிரீஸ் சட்டை. அஞ்சாம் கிளாஸ். அழுக்குப் பயல் பேச்சு அம்பலம் ஏறுமா? அன்னைக்கு முடிவு பண்ணினேன். இனி நான் பேசினா நாலு பேர் திரும்பிப் பாக்கணும்னு. பாத்தாங்களா இல்லையா?” வெள்ளைச் சட்டையின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

டைப்பிஸ்டம்மா மெதுவாகத் தட்டினாள்.

“அன்னைக்கு எப்படிச் சொன்னீங்களோ, அதே மாதிரி சொல்லுங்க.”

அவர் எழுந்து நின்றார். கையை வீசி, “டாக்டர்! என் தங்கச்சி...” என்று ஆரம்பித்தார்.

“இது ஏலக்குரல். அப்ப இது உங்ககிட்ட இல்ல” என்றது கருவி.

கை பாதியில் நின்றது. நியாயமாக அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உட்கார்ந்தார். மற்ற மூவரும் வழக்கப்படி காத்திருந்தார்கள். ஜன்னல் வெளிச்சம் மேசைமேல் கொஞ்சம் நகர்ந்தது. அவர் எதிரிலிருந்த சுவரைப் பார்த்தார். தோள் தளர்ந்தது. புருவம் இறங்கியது. பிறகு அவர் வாயிலிருந்து வந்த குரலை அந்த அறையில் யாரும் கேட்டதில்லை. ஏற்றமில்லை, இறக்கமில்லை, குழாயிலிருந்து ஒரே சீராக விழுகிற தண்ணீர் மாதிரி இருந்தது.

“இவ சிரிச்சா வலிக்குதுன்னு அர்த்தம். வயித்துல வலிக்குது. நேத்து சாயங்காலத்துலேருந்து வலிக்குது. முன்ன கை சுட்டப்பவும் இப்படித்தான் சிரிச்சா. இப்ப ரொம்ப வலிக்குது.”

நிறுத்தினார். அதே குரலில், டாக்டர் அன்று சொன்னதும் வந்தது. “‘இவ்வளவு சாவகாசமா சொல்றியே. கூடப் பொறந்தவளுக்கு உயிர்போற வலின்னா எந்த அண்ணனாவது இப்படி நிப்பானா? வாயுவா இருக்கும், கூட்டிட்டுப் போ’ன்னார்.”

இந்த வாக்கியம் அவருக்குள் எப்போதும் இருந்ததுதான். மறந்ததே இல்லை. ஆனால் அதைக் காதால் கேட்டது இப்போதுதான்.

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பிறகு கையை எடுத்தாள். “மன்னிச்சுக்கங்க ஐயா. பொய் சொல்லமாட்டேன். நான் அங்க டூட்டியில இருந்திருந்தாலும் அனுப்பித்தான் இருப்பேன். பதறி அடிச்சுக்கிட்டு வர்றவங்களைத்தான் முதல்ல உள்ள விடுவோம். இப்படி நின்னு சொன்னா, ஒண்ணும் இல்லைன்னுதான் தோணும்.”

“சட்டை?” என்றார் காயில்காரர்.

“சட்டையை யார் ஐயா பாக்கறா.”

அவர் தன் வெள்ளைச் சட்டையைக் குனிந்து பார்த்தார். லைனைப் பார்க்காமல் காயிலை அறுத்தவன் யார் என்று இப்போது தெரிந்தது. சட்டையை மாற்றினார், கடை கட்டினார், கடைக்குமேல் கடை கட்டினார், ஊரை எழுப்புகிற ஒரு குரலைக் கட்டினார். கோளாறு அங்கே இருந்ததே இல்லை. அவள் முகம் வலியைக் காட்டவில்லை, அவர் முகம் பதற்றத்தைக் காட்டவில்லை. அண்ணனும் தங்கச்சியுமாக அந்தச் சுவருக்கு முன்னால் நின்றார்கள், அதில் வரைந்திருந்த முகம் எதுவும் இருவருக்கும் பொருந்தவில்லை. உள்ளே பதறிய பதற்றம் அவருக்குத்தான் தெரியும்.

டைப்பிஸ்டம்மா நீண்ட நேரம் தட்டினாள். கருவி படித்தது.

“என் வரி. ‘சிரிப்போ அழுகையோ, அதற்கு என்ன அர்த்தம் என்று அவரையே கேளுங்கள், அல்லது அவரை அறிந்தவரைக் கேளுங்கள். கூட வந்தவர் பதறாமல் சொன்னாலும், சொன்னதை நம்புங்கள்.’”

டாக்டரம்மா மேசையைச் சுற்றிப் பார்த்தாள். நர்ஸ் மறுப்பு இல்லை என்றாள். டாக்டரம்மா தனக்கும் இல்லை என்றாள். மிச்சம் இருந்தவர் ஒருவர்தான்.

“இதுல அவ சிரிப்பு எங்க?” என்று கேட்டார் அவர்.

அந்தப் பெண் அவரைப் பார்க்கவில்லை. அவரும் அவளைப் பார்க்கவில்லை. இருவரும் ஒரே சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இல்ல” என்றது கருவி.

ஒரு வார்த்தை சொன்னால் போதும், வரி நின்றுவிடும். அந்த வார்த்தை அவருக்கு ரொம்பப் பழக்கமானது, ருசியானதும்கூட. யாரும் அவசரப்படுத்தவில்லை. வராந்தாவில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டுத் தேய்ந்தது. தங்கச்சிக்காக ஒரு வரி வேண்டும் என்று வந்தவர், அவளைத் தன் கையாலேயே அட்டையிலிருந்து இறக்கிவிட வேண்டியிருந்தது.

“மறுப்பு இல்ல” என்றார், அந்தத் தண்ணீர்க் குரலில்.

அட்டை அச்சாகி வந்ததும், மாட்ட வேறு ஆள் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். டிரில்லிங் மிஷினோடு அவரே போனார். பழைய அட்டையைக் கழற்றியபோது, அது இருந்த இடத்துச் சுவர் மட்டும் புதுசாக, வெளுப்பாக இருந்தது. சிரிக்கிற வட்ட முகம், விரல்கள் பட்டுப் பட்டு வழவழப்பாகிப் போயிருந்தது. அதன்மேல் தானும் ஒருமுறை விரலை வைத்துப் பார்த்துவிட்டு, அட்டையை நர்ஸிடம் கொடுத்தார். புதிய அட்டையை ரசமட்டம் வைத்து, இம்மி பிசகாமல் மாட்டினார். யார் மாட்டினாலும் இப்படி நேராக வராது, அது வேறு விஷயம்.

மனைவியும் கூட வந்திருந்தாள். நோயாளிகள் உட்காருகிற பெஞ்சில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

“கண்ணாடியை எடுத்துட்டு வரலீங்க. என்ன எழுதியிருக்கு? படிங்க, கேப்போம்.”

அவர் சுவரைப் பார்த்தபடி, ஏற்ற இறக்கமில்லாமல் படித்தார். கடைசி வரியையும் படித்தார். கூட வந்தவர் பதறாமல் சொன்னாலும், சொன்னதை நம்புங்கள்.

மனைவி சட்டென்று தலையைத் திருப்பி, பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள். யாருமில்லை.

“யாரோ பேசின மாதிரி இருந்துச்சு” என்றாள்.

“நான்தான்” என்றார் காயில்காரர்.